கார் ஷெட்டில் வெல்டிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் துவாக்குடிப் பக்கம் எங்கள் வீடு. கார் நிற்க வேண்டிய ஷெட்டில் வெல்டிங் மிஷின் இருக்கிறது. கார் எட்டு ஆண்டுகளாக வேப்பமரத்தடியில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தால், வழியில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். உறவுக்காரர்கள் தொலைபேசியில் கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். எழுதிவைத்துவிட்டால் தாளை நீட்டிவிட்டு வேலையைத் தொடரலாமே என்ற சுயநலத்தில் பிறந்தது இது. நான் தொழில்முறை வெல்டர் இல்லை, கணக்கு எழுதிப் பிழைப்பவன். இதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஐ.டி.ஐ. படிக்காமல் வெல்டிங் கற்றுக்கொள்ள முடியுமா?

வீட்டு வேலைக்கு முடியும். ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. அதைப் படித்தவர் கை வேறு, நம் கை வேறு. ஆனால் பூந்தொட்டி ஸ்டாண்டு, செருப்பு அலமாரி, கேட்டுக் கொக்கி போன்றவற்றுக்கு இருபது முப்பது மணி நேரப் பயிற்சி போதும். அந்த மணி நேரங்களைப் பழைய இரும்புத் துண்டுகளின் மேல் செலவழிக்க வேண்டும், பொருளின் மேல் வேண்டாம்.

எங்கள் ஊரில் ஒரு வசதி உண்டு. திருவெறும்பூரில் 1965 முதல் பாய்லர் தொழிற்சாலை இயங்குகிறது. 1975இல் அங்கேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் வந்தது. தெருவுக்கு ஒருவராவது ஓய்வுபெற்ற ஹெச்.பி. வெல்டர், அதாவது உயர் அழுத்தக் குழாய் வெல்டர், இருப்பார். எனக்கு அப்படி ஒரு பெரியவர் கிடைத்தார். முதல் இரண்டு வாரம் என் கையில் ஹோல்டரையே, அதாவது வெல்டிங் குச்சியைக் கவ்வும் பிடியையே, தரவில்லை. அளக்கவும், அறுக்கவும், துரு தேய்க்கவும் மட்டுமே விட்டார். அப்போது எரிச்சலாக இருந்தது.

எந்த மிஷின் வாங்கலாம்? மிக் வாங்கினால் சுலபம் என்கிறார்களே?

200 ஆம்பியர் இன்வெர்ட்டர் ஆர்க் மிஷின். ராடு என்கிற பூச்சுள்ள இரும்புக் குச்சியை மின்பொறியால் உருக்கி ஒட்டும் வகை அது. தோளில் மாட்டிக்கொண்டு மாடிக்குப் போகலாம். பழைய ஆயில் ட்ரான்ஸ்ஃபார்மர் மிஷின் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். இரண்டு ஆள் தூக்க வேண்டும், வீட்டு மின்சாரமும் திணறும்.

மிக் என்பது ராடுக்குப் பதில் கம்பி தானாக வர, கேஸ் அதைக் காக்கும் வகை. சுலபம்தான், மெல்லிய தகட்டுக்கு அருமை. ஆனால் கேஸ் சிலிண்டர் வாங்க வேண்டும், அதை நிரப்ப அலைய வேண்டும். காற்று அடித்தால் கேஸ் விலகி வெல்டு முழுதும் ஊசித்துளை விழும். வெயிலில் ஃபேன் போடாமல் ஷெட்டில் நிற்க முடியாத நமக்கு இது பெரிய இடைஞ்சல். ஆர்க்கில் ராடின் மேற்பூச்சே எரிந்து புகையும் கசடுமாகக் காப்பளிப்பதால் கொஞ்சம் காற்றைத் தாங்கும்.

பெட்டியில் "60 சதவீத டியூட்டி சைக்கிள்" என்று இருந்தால், அந்த ஆம்பியரில் பத்து நிமிடத்துக்கு ஆறு நிமிடம் மட்டுமே ஓட்டலாம் என்று பொருள். எத்தனை டிகிரி வெப்பத்தில் கணக்கிட்டார்கள் என்றும் பாருங்கள். 40 டிகிரி என்று இருந்தால் நல்லது. 25 என்று இருந்தால் சித்திரை மாதத் திருச்சியில் அந்தக் கணக்கு செல்லாது.

வீட்டு கரண்ட் தாங்குமா?

2.5 மி.மீ. ராடுக்குத் தாங்கும். 80 ஆம்பியர் என்று மிஷினில் வைத்தால் சுவரிலிருந்து 80 ஆம்பியர் இழுக்காது. வெல்டிங் முனையில் வோல்ட் இருபத்து மூன்றுதான், சுவரில் 230. இழப்பெல்லாம் சேர்த்தாலும் சுவரிலிருந்து ஏறத்தாழ 14 ஆம்பியர் போகும். ஏசிக்குப் போடுகிற 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் போதும். அயர்ன் பாக்ஸ் மாட்டுகிற சின்னப் பாயிண்டில் மாற்றுப் பிளக் போட்டு மாட்டாதீர்கள்; கருகும்.

எக்ஸ்டென்ஷன் வயர்தான் பலரும் கோட்டை விடும் இடம். 4 சதுர மி.மீ. வயர் போடுங்கள், சுருளாக வைத்துக்கொண்டு ஓட்டாமல் முழுதும் பிரித்துப் போடுங்கள். சுற்றிய வயர் சூடாகி உருகுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வெல்டிங் செய்யும்போது ஷாக் அடிக்காதா?

அடிக்கும், கவனக்குறைவாக இருந்தால். ராடு எதையும் தொடாமல் சும்மா இருக்கும்போது ஹோல்டரில் 60 முதல் 80 வோல்ட் வரை இருக்கலாம். காய்ந்த தோல், காய்ந்த கையுறை, ரப்பர் அடி ஷூ என்று இருந்தால் தெரியாது. வியர்வையில் ஊறிய கையுறையுடன் ஈரத் தரையில் முட்டி போட்டால் நன்றாகத் தெரியும். நம் ஊர் வியர்வைக்கு இரண்டு ஜோடிக் கையுறை வைத்து மாற்றி மாற்றிப் போடுவதே வழி.

இன்னொரு குழப்பம்: "எர்த் கிளாம்ப் மாட்டிவிட்டேன், அதனால் எர்த் இருக்கிறது" என்பார்கள். அந்த கிளாம்ப் வெல்டிங் மின்சாரம் மிஷினுக்குத் திரும்பும் பாதை மட்டுமே. வீட்டு எர்த் என்பது மூன்றாவது பின்னில் வருவது, மிஷினின் உடலைக் காப்பது. இரண்டும் வேண்டும். மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாவிட்டால் மிஷின் வாங்குவதற்கு முன் அதை மாட்டுங்கள்.

சார், நான் வெல்டிங்கை நேராகப் பார்க்கவே இல்லை. இரவு கண்ணில் மணல் கொட்டியதுபோல் இருக்கிறது, ஏன்?

நேராகப் பார்க்கத் தேவையில்லை. சுவரில் பட்டுத் திரும்பும் புற ஊதாக் கதிரே போதும். கண்ணின் மேல்தோல் வெயிலில் வெந்ததுபோல் வெந்துவிடுகிறது. உடனே தெரியாமல் ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்து, சரியாகத் தூங்கும் நேரத்தில் வரும். இருட்டறை, குளிர்ந்த ஈரத்துணி. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் சரியாகும். ஆகாவிட்டாலோ பார்வை மங்கினாலோ கண் மருத்துவரிடம் போங்கள்.

தாய்ப்பால் விடச் சொல்வார்கள். பட்டறைகளில் இன்றும் நடக்கிறது. வேண்டாம், புண்ணான கண்ணில் கிருமி சேரும். மரத்துப் போக வைக்கும் சொட்டு மருந்தைக் கடையில் வாங்கித் தொடர்ந்து விடுவதும் தவறு, புண் ஆறுவது தள்ளிப்போகும்.

80 ஆம்பியர் வரை 10ஆம் எண் கறுப்புக் கண்ணாடி, அதற்கு மேல் 11. தானாகக் கறுக்கும் ஹெல்மெட் வாங்கினால் இரண்டு கையும் ஓய்வாக இருக்கும், புதியவருக்கு அதுவே பெரிய உதவி. குளிர்கண்ணாடி எந்தக் கணக்கிலும் வராது. பக்கத்தில் வேடிக்கை பார்க்கும் குழந்தைகளுக்கு ஹெல்மெட் கிடையாது என்பதால் ஷெட் வாசலில் தார்ப்பாய் ஒன்றைத் தொங்கவிட்டுவிடுகிறேன்.

கடையில் எத்தனாம் நம்பர் ராடு வேண்டும் என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

12ஆம் நம்பர் என்றால் 2.5 மி.மீ., 10 என்றால் 3.15, 8 என்றால் 4. நம்பர் குறையக் குறைய ராடு தடிக்கும். வீட்டு வேலைக்கு 12ஆம் நம்பர், 6013 வகை (இது ராடின் பூச்சு வகையைக் குறிக்கும் எண்). 60 முதல் 90 ஆம்பியருக்குள் வேலை முடியும். 3 மி.மீ.க்கு மேல் தடித்த ஆங்கிள் என்றால் 10ஆம் நம்பர், 90 முதல் 130 வரை.

7018 வலுவான ராடு என்று கேள்விப்பட்டு அதைக் கேட்பவர்கள் உண்டு. வலுவானதுதான். ஆனால் ஈரம் ஆகவே ஆகாது. நனைந்தால் 300 டிகிரிக்கு மேல் சுட்டு எடுக்க வேண்டும். அடுப்பங்கரையில் அது நடக்காது.

ராடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. மிஷின் சரியில்லையா?

பத்தில் ஒன்பது முறை மிஷின்மேல் குற்றமில்லை. எர்த் கிளாம்ப் பெயிண்டின் மேலோ துருவின் மேலோ கவ்வியிருக்கும். அந்த இடத்தைப் பளபளவென்று தேயுங்கள். அடுத்து ஆம்பியர் குறைவாக இருக்கும்; பயத்தில் எல்லோரும் குறைத்தே வைப்பார்கள். பிறகு பற்றவைக்கும் விதம். தீக்குச்சியை உரசுவதுபோல் இழுத்து, எழும்பியதும் ராடின் தடிமன் அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டு நிறுத்த வேண்டும். சரியாக இருந்தால் அப்பளம் பொரிகிற ஓசை சீராகக் கேட்கும். விட்டுவிட்டு வெடித்தால் இடைவெளி அதிகம்.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் இந்தத் தொல்லை என்றால் ராடு நமத்துப் போயிருக்கிறது. 6013 ராடை நூறு டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் உலர்த்தினால் சரியாகும். மீதியை மூடி இறுகிய பிளாஸ்டிக் குழாயில் வையுங்கள்.

அண்ணா, எனக்கு ஒட்டவில்லை, ஓட்டைதான் விழுகிறது!

இது முந்தைய கேள்வியின் மறுபக்கம். கடையில் "ஸ்கொயர் டியூப்" என்று மட்டும் கேட்டால் 1.2 மி.மீ. கனமுள்ள 18 கேஜ் டியூபைத் தலையில் கட்டிவிடுவார்கள். அதில் புதியவர் கை ஓட்டை போடாமல் இருந்தால்தான் அதிசயம். முதல் வேலைகளுக்கு 14 கேஜ், அதாவது 2 மி.மீ. வாங்குங்கள்; கொஞ்சம் பழகியபின் 16 கேஜுக்கு வரலாம்.

மெல்லியதில்தான் செய்தாக வேண்டும் என்றால் ஆம்பியரை அறுபதுக்கு இறக்கி, ஹோல்டர் வயரை மைனஸில் மாட்டி, ஒரே இழுப்பாக ஓட்டாமல் ஒரு செ.மீ. அடித்து நிறுத்தி, சிவப்பு மங்கியபின் அடுத்த செ.மீ. அடியுங்கள். இரண்டு துண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் எந்த வித்தையும் பலிக்காது. ஓட்டையின் தாய் வெட்டில் இருக்கிறது.

இரும்பு எவ்வளவு வாங்க வேண்டும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

இரும்பை எடைக்கு விற்கிறார்கள்; நாம் நீளத்தில் யோசிக்கிறோம். பாலம் இதுதான்: ஒரு சதுர மீட்டர் தகடு, ஒரு மி.மீ. கனத்துக்கு 7.85 கிலோ. 25-க்கு 25 மி.மீ. டியூபைப் பிரித்து விரித்தால் ஏறக்குறைய 10 செ.மீ. அகலப் பட்டை. 16 கேஜ் என்றால் கனம் 1.6 மி.மீ.; மீட்டருக்குச் சுமார் 1.2 கிலோ, இருபது அடி லென்த் ஒன்று ஏழு கிலோ. கம்பிக்கு மேஸ்திரிகள் கணக்கு: விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மி.மீ. கம்பி 0.89 கிலோ.

90-க்கு 30 செ.மீ.யில் இரண்டு அடுக்கு, 75 செ.மீ. உயரக் கால் நான்கு கொண்ட தொட்டி ஸ்டாண்டுக்கு 7.8 மீட்டர் டியூப் வேண்டும். இரண்டு லென்த் வாங்கினால் மிச்சத்தில் பழகிக்கொள்ளலாம். பழைய இரும்புக் கடைக்கும் போங்கள், ஆனால் துருவின் ஆழத்தைச் சுத்தியால் தட்டிப் பார்த்து எடுங்கள்.

மூலைமட்டம் வைத்துத்தான் அடித்தேன். முடித்துப் பார்த்தால் கோணல். என்ன மாயம்?

இந்தக் கேள்விக்கு ஒரு நாள் முழுதும் பதில் சொல்வேன். உருகிய இரும்பு ஆறும்போது சுருங்குகிறது. சுருங்கும்போது இரண்டு பக்கத்தையும் தன்னை நோக்கி இழுக்கிறது. மூலையின் உட்பக்கத்தில் முதலில் அடித்தால் 90 டிகிரி 88 ஆகிவிடும். நான்கு மூலையிலும் அப்படி அடித்தால் பெட்டி எப்படி முறுக்கிக்கொள்ளும் என்பதை என் முதல் செருப்பு அலமாரி இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறது. மூன்று காலில்தான் நிற்கிறது. நான்காவதன் கீழ் மடித்த தீப்பெட்டி அட்டை.

வழி இது. தட்டையான தரையில் நான்கு துண்டையும் வைத்து ஒவ்வொரு மூலையிலும் ஒரே ஒரு டாக், அதாவது தற்காலிகப் பொட்டு வெல்டு, மட்டும் வையுங்கள், பயறளவு. பிறகு டேப்பால் இரண்டு மூலைவிட்டத்தையும் அளங்கள். சமமாக இருந்தால் நான்கு மூலையும் 90 டிகிரி. இல்லையென்றால் நீளமான மூலைவிட்டத்தின் முனையில் ஒரு தட்டு. டாக் மட்டும் இருப்பதால் வளையும். சமமானபின் இரண்டாவது டாக். தனி மூலை என்றால் ஒரு பக்கம் 60, மறுபக்கம் 80 செ.மீ. குறித்து, குறுக்கே 100 வருகிறதா என்று பாருங்கள். கட்டடம் கட்டுகிறவர்கள் கயிற்றால் செய்வது இதுவே.

முழு வெல்டு அடிக்கும்போது ஒரு மூலையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல் எதிர் மூலைக்குப் போங்கள். மேல்முகம் ஒன்று, திருப்பிப் போட்டுக் கீழ்முகம் ஒன்று என்று மாற்றுங்கள். உள்மூலை கடைசியில், தேவையென்றால் மட்டும். பெரும்பாலும் தேவைப்படாது, நாம்தான் பயந்து அதிகம் அடிக்கிறோம். அதிக வெல்டு அதிக இழுப்பு.

கிரைண்டரைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. வெல்டிங்கை விட ஆபத்தா?

என் அனுபவத்தில் ஆம், அந்தப் பயம் இருக்கட்டும். நான்கு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றுகிறது. வீலின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது என்று பொருள். அந்த வேகத்தில் வீல் உடைந்தால் தடுக்க இருப்பது வீலைப் பாதி மூடியிருக்கும் கார்டு ஒன்றுதான். கடையில் வாங்கிய அன்றே அதைக் கழற்றி மூலையில் எறிவது நம் ஊர்ச் சடங்கு. கார்டு போனதும் ஏழு அங்குல வீலையும் மாட்டிப் பார்ப்பார்கள். அந்த வீலில் 8,500 சுற்றுக்கு மேல் கூடாது என்று அச்சடித்திருக்கும்.

வீலின் நடு வளையத்தில் காலாவதித் தேதி இருக்கும், பாருங்கள். வெட்டும் துண்டு வீலைக் கவ்வாதபடி தொங்கும் பக்கம் கீழே விழட்டும். மரம் அறுக்கும் பல் பிளேடை ஒருபோதும் மாட்டாதீர்கள். ஹெல்மெட்டுக்குள்ளும் தெளிவான பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். லுங்கி வேண்டாம், பாலியெஸ்டர் சட்டை வேண்டாம்.

ஜி.ஐ. பைப் வெல்டு செய்தால் பால் குடிக்க வேண்டுமாமே?

பால் குடிக்கலாம், நல்லதுதான், ஆனால் இதற்கு மருந்து ஆகாது. ஜி.ஐ.யின் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். இரும்பு உருக 1,500 டிகிரி வேண்டும். எனவே வெல்டு ஆகும் முன்பே வெள்ளைப் புகை கிளம்பும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்து நாக்கில் உலோகச் சுவை, குளிர், காய்ச்சல். பெரும்பாலும் மறுநாள் போய்விடும். அதனால்தான் பாலுக்குப் பெயர் கிடைத்தது: குடிக்காவிட்டாலும் போயிருக்கும்.

வெல்டு வரும் இடத்தின் இருபுறமும் இரண்டு மூன்று செ.மீ. பூச்சைத் தேய்த்து எடுங்கள், திறந்த வெளியில் காற்று பக்கவாட்டில் போகும்படி நில்லுங்கள், புகைக்கு மேல் முகத்தை வைக்காதீர்கள். பைப்பின் உள்பூச்சை எடுக்க முடியாது என்பதால் புகை கொஞ்சம் வரத்தான் செய்யும். முடிந்தால் பூச்சில்லாத சாதா இரும்பு (எம்.எஸ்.) டியூபே வாங்கிவிடுங்கள். பிரேக் கழுவும் ஸ்ப்ரேயால் இரும்பைத் துடைத்துவிட்டு அடிப்பது இதைவிட மோசம். குளோரின் கலந்த வகையாக இருந்தால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும்.

பழைய டிரம்மை வெட்டி அடுப்பு செய்யலாமா? பழைய சமையல் கேஸ் சிலிண்டர் ஒன்றும் இருக்கிறது.

வேண்டாம். பெட்ரோல், டீசல், தின்னர், எண்ணெய் எது இருந்த டிரம்மானாலும் மடிப்பில் ஒட்டிய சில சொட்டு போதும், உள்ளே ஆவியாகி நிற்கும். தண்ணீர் விட்டுக் கழுவினேன், பத்து வருடம் காலியாகக் கிடந்தது என்பவை சமாதானங்கள் மட்டுமே. சூடுபட்டதும் அதே எண்ணெய் மீண்டும் ஆவியாகும். கிரைண்டர் பொறியும் வெல்டிங் தீயும் இதில் ஒன்றுதான். சமையல் கேஸ் சிலிண்டர் கேஸ் நிறுவனத்தின் சொத்து, உங்களுடையது கிடையாது, திருப்பிக் கொடுங்கள். அடுப்புக்குப் புதுத் தகடு வாங்கி வளைக்கலாம்.

பெயிண்ட் அடித்து ஆறு மாதத்தில் வெல்டு இருக்கும் இடம் மட்டும் உரிகிறது.

கசடு மிச்சம் இருந்திருக்கும். சுத்தியால் தட்டி, வயர் பிரஷ்ஷால் தேய்த்து, தின்னர் துணியால் துடைத்து, அன்றே ரெட் ஆக்ஸைடு பிரைமர் அடித்துவிடுங்கள். இரவு விட்டால் பனியிலேயே துரு பூக்கும். ரெட் ஆக்ஸைடோடு நிறுத்துபவர்கள் உண்டு. அது அடித்தளம் மட்டும், மேலே இரண்டு கை எனாமல் வேண்டும். டியூபின் வாயை அடைத்தால் அடியில் சின்னத் துளை ஒன்று விடுங்கள். இல்லாவிட்டால் கடைசி வெல்டு மூடும் நேரத்தில் உள்ளே சூடான காற்று ஊதித் துளைத்துக்கொண்டு வரும்.

ஸ்டெயின்லெஸ், அலுமினியம், வார்ப்பிரும்பு எல்லாம் இதே மிஷினில் ஆகுமா?

ஸ்டெயின்லெஸ் ஆகும்: 304 வகைக்கு 308எல் ராடு, ஸ்டெயின்லெஸ்ஸையும் சாதா இரும்பையும் சேர்க்க 309எல். வார்ப்பிரும்புக்கு நிக்கல் ராடு போட்டு விரல்கடை அளவுக்கு அடித்து, தட்டி, ஆறவிட்டு அடிக்க வேண்டும். பாட்டி காலத்து இயந்திரப் பாகம் என்றால் அனுபவப்பட்டவரிடம் கொடுங்கள். அலுமினியத்தை மறந்துவிடுங்கள்.

வீட்டுக்குள் ஊஞ்சல் மாட்ட வேண்டும், பைக் ஃபிரேமில் ஒரு விரிசல் அடைக்க வேண்டும். செய்து தருவீர்களா?

இரண்டையும் செய்ய மாட்டேன். ஸ்டாண்டு உடைந்தால் தொட்டி போகும். ஊஞ்சல் கொக்கி உடைந்தால் பேத்தி விழுவாள். வெளியில் பார்க்க மீன் செதில்போல் அழகாக இருக்கும் வெல்டு உள்ளே பிடிக்காமல் இருக்கலாம், அதைக் கண்ணால் சொல்ல முடியாது. பழகிக்கொள்ள ஒரு வழி உண்டு: அடித்த துண்டை வைஸில் மாட்டிச் சுத்தியால் வளைத்து உடையுங்கள். வெல்டு கிழிந்தால் உங்கள் கை இன்னும் தயாராகவில்லை. என் துண்டுகள் பத்தில் ஒன்று இன்னும் கிழிகிறது.

வண்டியின் சட்டத்தில் கைவைத்தால் இன்னொரு சட்டமும் குறுக்கே வரும்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியை இஷ்டப்படி மாற்றுவதற்கு எதிரானது. கேரியர் போன்ற சில்லறை வேலை என்றாலும் பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் கிளாம்ப் மாட்ட வேண்டும்.

கார் உள்ளேயே நிற்கட்டும், ஓரமாக வேலை செய்துகொள்கிறேனே?

என் கார் வேப்பமரத்தடிக்குப் போன கதையே அதுதான். மூன்று மீட்டர் தள்ளி கிரைண்டர் ஓட்டினேன். பொறிகள் முன்கண்ணாடியில் போய் உருகிப் பதிந்துவிட்டன, எத்தனை தேய்த்தும் போகவில்லை. பெயிண்டின் மேல் விழுந்தவை மழைக்குப் பிறகு துருப்புள்ளிகளாயின. பெட்ரோல் டேங்கைப் பற்றி மேலே டிரம் கேள்வியில் சொன்னதையே நினைத்துக்கொள்ளுங்கள். சாக்கு, தென்னை நார், தெர்மோகோல் எதுவும் முப்பத்தைந்து அடிக்குள் கூடாது. சாக்கு உடனே எரியாது. நீங்கள் சாப்பிடப் போனபின் எரியும். முடித்த பிறகு அரை மணி நேரம் அங்கேயே கூட்டிப் பெருக்கிக்கொண்டிருங்கள். ஒரு வாளி மணல் எப்போதும் இருக்கட்டும்.

காசு வாங்கிக்கொண்டு வேலை செய்து கொடுக்கலாமா?

வீட்டு இணைப்பில் கூடாது. வீட்டுக்கென்று வாங்கிய மின்சாரத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்தினால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் இரண்டு மடங்குக் கட்டணம் போடுவார்கள். தொழிலாகச் செய்ய விரும்பினால் அதற்குரிய இணைப்பு வாங்குங்கள். அக்கம்பக்கத்தாரின் மதியத் தூக்கத்துக்கும் ஏதாவது வழி செய்ய வேண்டியிருக்கும்.

நான் காசு வாங்குவதில்லை. கேட்டுக் கொக்கியோ நாற்காலிக் காலோ உடைந்தால் ஞாயிறு காலை கொண்டு வாருங்கள். உடைந்த இடத்தின் பெயிண்டையும் துருவையும் சுரண்டிவிட்டுக் கொண்டு வாருங்கள்.